ராஜபாதைக் கோட்டைகள்: ஒரு ஜோர்டான் நாட்குறிப்பு

நவம்பர் 14, வியாழன்: அஜ்லூன்

"பெட்ரா எப்ப மாப்ளே?" என்று அம்மான் விமான நிலையத்தில் ஆரம்பித்தார் மச்சான். அஜ்லூன் மலை ஏறும்வரை நிறுத்தவில்லை. கடைசியில்தான் என்று நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஷார்ஜாவில் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் என்பதால் ஸ்டியரிங் அவர் கையில், வழி என் கையில் என்று ஒப்பந்தம். சாப்பாட்டுக் கடையை அவர் தேர்ந்தெடுப்பார், கோட்டையை நான் தேர்ந்தெடுப்பேன்.

எதற்கு இந்தக் கோட்டைப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 1095-ல் போப் இரண்டாம் உர்பன் அழைப்பு விடுத்தார். 1099 ஜூலை 15-ல் சிலுவைப் படை எருசலேமைப் பிடித்து, உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தது. இதுவரை எல்லோரும் படித்திருப்போம். வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பாமல் 1291 வரை இந்தக் கடற்கரையிலும் மலைகளிலும் குடியிருந்தார்கள் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடியிருந்தால் உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், வரி வசூல் வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். அதெல்லாம் எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் யோர்தான் நதிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

அஜ்லூன் பிராங்குகள், அதாவது இங்கே குடியேறிய ஐரோப்பியச் சிலுவைப்போர்க்காரர்கள், கட்டியதல்ல. அவர்களுக்கு எதிராகக் கட்டியது. 1184-ல், எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனின் தளபதி இஸ்ஸுத்தீன் உஸாமா எழுப்பினார். நதிக்கு அக்கரையில் பிராங்குகளின் பெல்வாய் கோட்டை, தெற்கே கரக். இரண்டின் மேலும் ஒரு கண் வைக்க இந்த உச்சி தோதாக இருந்தது. பக்கத்து இரும்புச் சுரங்கங்களையும் காக்க வேண்டியிருந்தது. தெளிவான நாளில் பள்ளத்தாக்கு முழுவதும் விரியும் என்று படித்துவிட்டுப் போனோம். அங்கே போனால், கோட்டை வாசலில் நின்று கோட்டையையே தேடவேண்டிய பனிமூட்டம். காற்று வேறு காதைப் பிய்த்தது. "நேற்று வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்" என்றார் காவலர். உலகத்தில் எந்த மலைக்கோட்டைக்குப் போனாலும் காவலர்கள் இதையே சொல்கிறார்கள்.

எதுவும் தெரியாததால் காலடியைப் பார்த்தோம். அதிலும் ஒரு லாபம். இந்த இடத்தில் கோட்டைக்கு முன்பு ஒரு கிறிஸ்தவ மடம் இருந்திருக்கிறது. அதன் தேவாலயத்துச் சித்திரத் தரை ஒரு துண்டு இன்னும் கோட்டைக்குள் கிடக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கற்கள். மேலே முஸ்லிம் தளபதியின் சுவர், அடியில் துறவிகளின் தரை.

உஸாமாவைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். இந்த மலை பனூ அவ்ஃப் குலத்தாருடையது. கோட்டை வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உஸாமா அவர்களுடைய பெரியவர்களை விருந்துக்கு அழைத்து, சாப்பாடு முடிந்ததும் அப்படியே பாதாளச் சிறையில் அடைத்துவிட்டாராம். மச்சானுக்கு இது தாங்கவில்லை. "சோறு போட்டுட்டா? அநியாயம் மாப்ளே" என்று கீழே இறங்கும்வரை புலம்பினார்.

அஜ்லூன் கடைத்தெருவில் ஃபலாஃபெல் சாண்ட்விச் அரை தினார். அன்றைய கணக்கில் ஒரு தினார் சுமார் 120 ரூபாய். ஃபூல், ஹும்முஸ், நறுக்கிய வெங்காயம், இரண்டு டீ என்று மேசை நிறைய வந்தது. இருவருக்கும் மூன்றரை தினார். டீயில் மரமிய்யா இலை போட்டிருந்தார்கள், லேசாகக் கற்பூர வாசனை. சர்க்கரையைப் பற்றிக் கேட்காதீர்கள். டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை நின்றது.

நவம்பர் 15, வெள்ளி: மாதபா, முஜிப், பஞ்சர்

தெற்கே போக மூன்று சாலைகள் உண்டு. நாங்கள் எடுத்தது நடுவில் மலைமேல் வளைந்து வளைந்து போகும் ராஜபாதை. எண்ணாகமத்தில் மோசே ஏதோமின் அரசனிடம் அனுமதி கேட்பது இந்தப் பாதைக்குத்தான். வயலில் கால் வைக்கமாட்டோம், தண்ணீர் குடித்தால் காசு கொடுத்துவிடுகிறோம் என்று கெஞ்சுகிறார்கள். அவன் விடவில்லை. யார் நடக்கலாம், யாருக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து இந்தச் சாலையின் பிரச்சினை. எகிப்துக்கும் டமாஸ்கஸுக்கும் நடுவே போகும் வணிகக் கூட்டம், மெக்கா போகும் ஹஜ் கூட்டம் எல்லாம் இந்த வட்டாரத்தைத் தாண்டியாகவேண்டும். சிலுவைப்போர் அரசர்கள் வரிசையாகக் கோட்டை கட்டியது சும்மா இல்லை.

மாதபாவில் புனித ஜார்ஜ் தேவாலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டு வரைபடம். எருசலேமை எல்லோரும் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். நான் கரக்கைத் தேடினேன். மதில் சூழ்ந்த ஊராக அப்போதே குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. யோர்தான் நதி சாக்கடலில் விழும் இடத்தில் ஒரு மீன், உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று திரும்பி மேலே நீந்துகிறது. 1,400 வருஷத்துக்கு முந்தைய கைவேலைக்காரனுக்கு என்ன குசும்பு!

முஜிப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியதும் பின்சக்கரம் போயிற்று. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. வண்டியை வாடகைக்கு விட்டவர்களுக்குப் போன் போட்டால், வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டு பக்கமும் காய்ந்த வயல், நடுவில் நாங்கள். மச்சான் அரபியில் நாலு வார்த்தை கனமாகப் பேசிவிட்டுப் போனை வைத்தார்.

கால் மணி நேரத்தில் ஒரு பிக்கப் நின்றது. ஓட்டியவர் அறுபது வயதுக்காரர், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. பக்கத்து ஸமாகிய்யா கிராமத்துக்காரர். அந்த வட்டாரத்தில் ஸமாகிய்யாவும் ஹமூதும் கிறிஸ்தவ ஊர்கள். எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டு, மச்சானை முன்னால் ஏற்றிக்கொண்டு கஸ்ர் என்ற ஊருக்குப் போய்விட்டார். நான் காருக்குக் காவல். ஜும்ஆ முடியும்வரை பஞ்சர் கடை திறக்காது. கடைக்காரர் தொழுதுவிட்டு வந்து, வெள்ளை அங்கியைக் கூட மாற்றாமல் ஒட்டிக் கொடுத்தாராம். மூன்று தினார். பிக்கப்காரர் தனக்கு எதுவும் வாங்கவில்லை. போதாததற்கு மச்சான் கையில் ஒரு பை ஆலிவ் காயும் கொடுத்தனுப்பியிருந்தார். "இவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?" என்றேன். "ஆட்டு விலை" என்றார்.

கரக் சேரும்போது இருட்டிவிட்டது. விடுதியில் வெந்நீர் என்று பெயருக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கில் கோட்டைச் சுவர். மேற்கே கீழே சாக்கடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கரை மலைகளில் மட்டும் விளக்குப் புள்ளிகள். பக்கத்து நாட்டுச் சண்டையால் பயணிகள் வருவதே நின்றுவிட்டது என்றார் விடுதிக்காரர். அன்று ராத்திரி அந்த மாடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

நவம்பர் 16, சனி: கரக்

கரக் கோட்டையை 1142-ல் பேகன் என்ற பிரபு கட்டத் தொடங்கினார். எருசலேம் அரசவையில் பானம் பரிமாறும் பதவியில் இருந்தவர். ஊரின் தெற்கு மூலையில், மூன்று பக்கமும் சரிவு, நான்காவது பக்கம் வெட்டிய அகழி. பாலத்தைத் தாண்டி நுழைந்ததும் சுவரைப் பார்த்தே யார் கட்டியது என்று சொல்லிவிடலாம். பிராங்குகளின் கல் கறுத்தது, முரடு, கையில் கிடைத்ததை அடுக்கியதுபோல் இருக்கும். பிற்பாடு சலாஹுத்தீன் வம்சத்து அய்யூபிகளும் அவர்களுக்குப் பின் ஆண்ட மம்லூக்குகளும் கட்டியது வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல், மழமழவென்று செதுக்கியது. ஒரே சுவரில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கல் தோலைக் கீறுகிறது. மஞ்சள் கல்லில் கை வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு சுவரில் இவர்கள் எல்லோருக்கும் முந்திய, பெட்ராவைச் செதுக்கிய நபாத்தியர் காலத்துச் சிற்பம் ஒன்றையும் வெறும் கல்லாக நினைத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தலை இல்லை, உடம்பு மட்டும்.

உள்ளே நீளநீளமான வளைவுக்கூரைக் கூடங்கள். மேலே ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு தூண் மாதிரி வெளிச்சம், மீதியெல்லாம் இருட்டு. அடுப்பு எரிந்த கரி படிந்த சமையலறையும் ஆலிவ் ஆட்டிய கல்லும் இருக்கின்றன. மச்சான் அங்கேயே நின்றுவிட்டார்.

அவரை நகர்த்த நான் சொன்ன கதை, 1183 நவம்பர் கல்யாணம். இதே மாதம், இதே குளிர். மணமகள் இசபெல்லா, எருசலேம் அரசரின் தந்தைவழித் தங்கை, வயது பதினொன்று. மணமகன் ஹம்ஃப்ரி, இந்தக் கோட்டையின் சீமாட்டி ஸ்டெஃபனியின் மகன். ஸ்டெஃபனியின் மூன்றாவது கணவன்தான் ரெனால்ட் ஷாத்தியோன். அலெப்போ சிறையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்து 1176-ல் வெளியே வந்த ஆள். வந்த பிறகு சமாதான ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதையே மதிக்கவில்லை. பக்கத்தில் போகும் வணிகக் கூட்டத்தை மறிப்பதே வேலை.

கல்யாணத்துக்கு ஊர் ஊராக விருந்தாளிகள், கூத்தாடிகள், குழல் ஊதுகிறவர்கள் எல்லாம் வந்து கூடியிருந்த நேரம் பார்த்து சலாஹுத்தீன் படையோடு வந்து வளைத்துக்கொண்டார். கவண் பொறிகள் கல்லை வீசுகின்றன. உள்ளே பாட்டும் ஆட்டமும் நிற்கவில்லை. ஸ்டெஃபனி கல்யாணச் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்து எதிரி கூடாரத்துக்கு அனுப்பிவைத்தாள். சலாஹுத்தீன் நன்றி சொல்லி, புதுமணத் தம்பதி எந்தக் கோபுரத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்து, அந்தக் கோபுரத்தின்மேல் மட்டும் கல் விழக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிராங்குகளின் வரலாற்றுக் குறிப்பே இதைச் சொல்கிறது. எந்தக் கோபுரம் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் பார்த்த அன்று வழிகாட்டி இருவர் இரண்டு வேறு கோபுரங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற கோபுரங்களுக்குச் சலுகை இல்லை. இதைக் கல்யாண மரியாதை, பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முற்றுகை உண்மையானது. கோட்டைக்கு வெளியே ஊரில் சிக்கியவர்களின் வீடுவாசல் போனது உண்மை. கடைசியில் தொழுநோயில் கையும் காலும் வராமல், பார்வையும் மங்கிய இருபத்திரண்டு வயது அரசர் நான்காம் பால்ட்வின் பல்லக்கில் படுத்தபடி படையோடு வந்தார். சலாஹுத்தீன் விலகிப் போனார். மறுவருஷம் திரும்பவும் வந்து வளைத்தார்.

அந்த மறுவருஷம்தான் எனக்கு இந்தப் பயணத்திலேயே முக்கியம். 1184-ல் ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த இப்னு ஜுபைர் என்ற முஸ்லிம் பயணி டமாஸ்கஸிலிருந்து பிராங்குகளின் ஏக்கர் துறைமுகத்துக்கு வணிகக் கூட்டத்தோடு போகிறார். அதே நேரத்தில் இங்கே கரக்கை சலாஹுத்தீன் முற்றுகையிட்டிருக்கிறார். அங்கே முஸ்லிம் வணிகர்கள் கிறிஸ்தவர் நாட்டுக்குள் சரக்கோடு போகிறார்கள், கிறிஸ்தவ வணிகர்கள் முஸ்லிம் நாட்டுக்குள் வருகிறார்கள், யாரையும் யாரும் தடுக்கவில்லை. அதைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டு எழுதிவைத்திருக்கிறார். பிராங்குகளின் திப்னீன் சுங்கச்சாவடியில் மக்ரிபிகளிடம் (வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்து முஸ்லிம்கள்) மட்டும் தலைக்கு ஒரு தினாரும் ஒரு கீராத்துச் சில்லறையும் வாங்கினார்கள். முன்பு மக்ரிபிகள் சிலர் பிராங்குகளுக்கு எதிராகச் சண்டையில் சேர்ந்ததற்குத் தண்டனையாம் அது. வழக்கமாக வருகிற வணிகர்களை ஒன்றும் செய்யவில்லை. படைவீரர்கள் தங்கள் போரைப் பார்த்தார்கள், ஜனங்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்தார்கள்.

அந்தப் பிழைப்பில் கை வைத்ததுதான் ரெனால்ட் செய்த காரியம். 1187 தொடக்கத்தில், ஒப்பந்தம் அமலில் இருக்கும்போதே, கெய்ரோவிலிருந்து வந்த பெரிய வணிகக் கூட்டத்தைப் பிடித்துக் கரக்கில் அடைத்தான். அப்போதைய எருசலேம் அரசர் கீ கேட்டும் விடவில்லை. அந்த ஜூலை 4-ல் ஹத்தீன் போர். தண்ணீர் இல்லாத மேட்டில் சிலுவைப் படை முழுசாக அழிந்தது. கூடாரத்துக்குக் கொண்டுவந்த கீக்கு சலாஹுத்தீன் குளிர்ந்த நீர் கொடுத்தார். கீ குடித்துவிட்டு ரெனால்டிடம் நீட்டினார். இவனுக்குக் குடிக்கக் கொடுத்தது நீ, நானல்ல என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லவைத்தார் சலாஹுத்தீன். குடிக்கக் கொடுத்த கைதியை வெட்டக்கூடாது என்பது அரபு வழக்கம். அதற்குப் பிறகு ரெனால்டின்மேல் வாளை அவரே வீசினார். கீ உயிர் தப்பினார்.

மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அஜ்லூன்காரன் செஞ்சது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மதியம் மன்சஃப். கரக் வந்து மன்சஃப் சாப்பிடாமல் போனால் விடுதிக்காரரே விடமாட்டார். இதற்கு உயிர் ஜமீத். ஆட்டுத் தயிரில் உப்புப் போட்டு, பிழிந்து, உருட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்தது. கரக் ஜமீதுக்கு நாடு முழுக்கப் பேர். கடைவீதியில் சாக்குச் சாக்காக வெள்ளைக் கல் மாதிரி குவித்திருந்தார்கள். கிலோ பத்து தினாருக்கு மேல் சொன்னார்கள். ஒன்றை எடுத்துத் தட்டினேன், டொக் என்றது. இதை ஊறவைத்துக் கரைத்து அதில் ஆட்டுக்கறியை வேகவைக்கிறார்கள். கீழே மெல்லிய ரொட்டி, மேலே சோறு, அதன்மேல் கறி, வறுத்த பாதாம், கடைசியில் சுடச்சுட அந்தத் தயிர்க் குழம்பு. மச்சான் ஒரு வாய் வைத்தார். "மோர்க்குழம்புல கறி போட்டிருக்கான் மாப்ளே" என்று தீர்ப்பு வந்தது. தட்டு காலியாகும்வரை வேறு பேச்சில்லை. தலைக்கு ஏழு தினார்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பெரிய தட்டைச் சுற்றி நின்றபடியே சாப்பிட்டது. இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையில் உருண்டை. வீட்டுப் பெரியவர் நல்ல கறித்துண்டாகப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு எங்கள் தட்டிலும் ஒன்று வந்து விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் இன்னொன்று.

திரும்பும் வழியில் சுற்றுலாப் போலீஸ்காரர் எங்கே, என்ன, எத்தனை நாள் என்று தோண்டித் துருவிக் கேட்டார். 2016 டிசம்பரில் துப்பாக்கிக்காரர்கள் இந்தக் கோட்டைக்குள் புகுந்துகொண்டு சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர் கேட்பது நியாயம்தான்.

நவம்பர் 17, ஞாயிறு: ஷோபக்

காலையில் மழை. ஹஸா பள்ளத்தாக்கில் இறங்கும்போது வைப்பர் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. நல்லவேளையாக அது என் பக்கம். தஃபீலா தாண்டியதும் வானம் வெளுத்தது. காற்று மட்டும் ஐஸ்.

ஷோபக் இந்த வரிசையில் மூத்தது. 1115-ல் எருசலேம் அரசர் முதலாம் பால்ட்வின் நதிக்கு இந்தப் பக்கம் கட்டிய முதல் பெரிய கோட்டை. பதினெட்டு நாளில் எழுப்பினார்கள் என்கிறது அக்காலக் குறிப்பு. இன்றைக்கு நிற்பதில் பாதிக்கு மேல் மம்லூக்குகள் திருப்பிக் கட்டியது. கோபுரத்தைச் சுற்றி அரபு எழுத்து பட்டையாக ஓடுகிறது. ஆனால் உள்ளே தேவாலயங்களின் எச்சம் இருக்கிறது. கரக்கைப்போல் இங்கே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மொட்டைக் குன்று, அதன் தலையில் கோட்டை, வாசலில் ஒரு டீக்கடை, ஒரு நாய். பயணிகள் என்று பார்த்தால் நாங்களும் ஒரு போலந்துத் தம்பதியும்தான்.

மலை உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்வது? குன்றைக் குடைந்து ஊற்று வரைக்கும் படிக்கட்டு இறக்கியிருக்கிறார்கள். 350 படிகளுக்கு மேல். விளக்கு கிடையாது. போன் வெளிச்சத்தில் இறங்கினோம். பாதிப் படிகள் தேய்ந்து சறுக்குமரம் ஆகிவிட்டன. உட்கார்ந்து உட்கார்ந்து நகரவேண்டும். மழை ஈரம் வேறு. கொஞ்ச தூரம் போனதும் மேலே இருந்த வெளிச்சப் புள்ளி மறைந்தது. கையால் சுவரைத் தடவினால் உளி போட்ட தடம், சாய்வாக, வரிவரியாக. ஒருவன் இடது கையால் கொத்தியிருப்பானோ என்று தோன்றும்படி ஒரு இடத்தில் மட்டும் சாய்வு மாறியது. அந்த இடத்தில் மச்சான் சறுக்கி நாலு படி இறங்கினார். அடி ஒன்றும் இல்லை, பேண்ட் கிழிந்தது. அவர் சொன்ன வார்த்தைகளைச் சுரங்கம் திருப்பிச் சொன்னது. ஊற்று வரை போனோம் என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதற்கு முன்பே திரும்பினோம்.

தண்ணீர் இருந்தும் இந்தக் கோட்டை விழுந்தது. ஹத்தீனுக்குப் பிறகு எருசலேம் 1187 அக்டோபர் 2-ல் சரணடைந்துவிட்டது. ஆணுக்குப் பத்து தினார், பெண்ணுக்கு ஐந்து என்று மீட்புப்பணம் கட்டியவர்கள் வெளியேறினார்கள். தெற்கே கரக்கும் ஷோபக்கும் மட்டும் தனியே மாட்டிக்கொண்டன. தலைவன் இல்லை, உதவிக்கு வர அரசன் இல்லை. ஸ்டெஃபனியின் மகன் ஹம்ஃப்ரி கைதி. கோட்டைகளைக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்றார் சலாஹுத்தீன். ஸ்டெஃபனி வந்து கதவைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் முடியாது என்றார்கள். முன்பே விடப்பட்டிருந்த மகனை, கொடுத்த வாக்குப்படி, அவள் சலாஹுத்தீனிடமே திருப்பி அனுப்பிவைத்தாள். சலாஹுத்தீன் பிற்பாடு அவனை விடுவித்தார். கரக்கில் குதிரைகளைத் தின்று தீர்த்து, 1188 நவம்பரில் பணிந்தார்கள். ஷோபக் 1189 வசந்தம்வரை தாங்கியது. அங்கே உப்புத் தீர்ந்துபோய்ப் பலருக்குக் கண்பார்வை போயிற்று என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மருத்துவப்படி அது சரியா என்று ஆராய நான் ஆளில்லை. ஆனால் வடக்கே கீழே உலகத்திலேயே அதிகம் உப்பு கிடக்கும் கடல்களில் ஒன்று இருக்கிறது. இவர்களுக்குப் போகத்தான் வழியில்லை.

கோட்டை கைமாறியதும் ஊர் காலியாகிவிடவில்லை. 1217-ல் தியெட்மார் என்ற ஜெர்மானிய யாத்திரிகர் சினாய் மலைக்குப் போகும் வழியில் இங்கே வருகிறார். அப்போது முஸ்லிம்கள் ஆட்சி நடந்து 28 வருஷம். அவரை வரவேற்று வழி சொன்னது இங்கேயே தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சு விதவை. இரண்டு முறை சுட்ட ரொட்டி, பாலாடைக்கட்டி, உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், ஒயின் எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த அம்மாள் பேர் என்ன, புருஷன் எந்தச் சண்டையில் போனான், ஊருக்குத் திரும்ப ஏன் தோன்றவில்லை என்று ஒன்றும் இல்லை. ரெனால்டுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியவர்கள் இவளுக்கு நாலு வரி கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

டீக்கடைக்காரர் மச்சானின் கிழிந்த பேண்ட்டைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தார். நூல் சிவப்பு. டீ அரை தினார்.

நவம்பர் 18, திங்கள்: வாதி மூஸா

மச்சானுக்குப் பெட்ரா கிடைத்துவிட்டது. நுழைவுக் கட்டணம் 50 தினார் என்று பலகையில் பார்த்து ஒரு நிமிஷம் அமைதியானார். நாங்கள் முன்கூட்டியே சேர்த்து வாங்கியிருந்தோம் என்பதை நினைவுபடுத்தியதும் தெம்பு வந்தது. பெட்ராவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அழகு, கூட்டம் இல்லை, கழுதைக்காரர்கள் பாவம்.

சாயங்காலம் அவரை விடுதியில் விட்டுவிட்டுத் தனியாக அல்-வுஐரா போனேன். பெட்ரா வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் வடக்கே. டிக்கெட் கிடையாது, காவலும் கிடையாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே பள்ளம், அதைக் கடக்க ஒடுக்கமான பாலம், எதிரே பாறையையே குடைந்து ஒரு வாசல். இதுவும் பிராங்குகளின் கோட்டைதான். 1144-ல் உள்ளூர்க்காரர்கள் துருக்கிப் படையை அழைத்துவந்து இதைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மீட்க வந்த அரசர் மூன்றாம் பால்ட்வினுக்கு வயது பதினான்குகூட நிரம்பியிருக்காது. பல நாள் அடித்தும் பாறை அசையவில்லை. அப்புறம் பள்ளத்தாக்கில் இருந்த ஆலிவ் மரங்களை வெட்டி எரிக்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் உடனே இறங்கிவந்து கோட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோட்டை யாருடையது என்பதில் அவர்களுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. மரம் போனால் அடுத்த மரம் காய்க்க எத்தனை வருஷம்? வரும்போது சாலையோரம் ஒரு குடும்பம் துணி விரித்து ஆலிவ் உலுக்கிக்கொண்டிருந்தது. நவம்பர், அறுவடைக் காலம்.

ராத்திரி சாப்பாடு சுற்றுலாக் கடை விலை. ஒரு மக்லூபா ஒன்பது தினார், கரக்கின் ருசி பக்கத்தில்கூட வராது. மச்சான் ஜமீத் வாங்காமல் விட்டதை நினைத்து இரண்டு முறை பெருமூச்சு விட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்: அகபா

மலையிலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் பின்சீட்டுக்குப் போயின. அகபாவில் ஆட்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கடல் முனை. 1182-83 குளிர்காலத்தில் ரெனால்ட் கப்பல்களைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டகங்களில் ஏற்றி இங்கே கொண்டுவந்து பூட்டினான். அவை தெற்கே போய் எகிப்துக் கரையில் அய்தாப் துறைமுகத்தைக் கொள்ளையடித்தன, ஹஜ் பயணிகளின் கப்பல்களை எரித்தன. பிறகு அரபுக் கரையில் ஆட்களை இறக்கி மதீனாவை நோக்கி நடக்கவிட்டன. எகிப்திலிருந்து ஹுஸாமுத்தீன் லுஃலுஃ என்ற கடற்படைத் தலைவர் கப்பல்களோடு துரத்தி வந்து எல்லோரையும் பிடித்தார். பிடிபட்டவர்களில் இருவரை ஹஜ் சமயத்தில் மெக்கா பக்கத்து மினாவில் வைத்து வெட்டினார்கள். பண்டமாற்று, சுங்கம் என்று நான் மூன்று நாளாகச் சொல்லிவந்த கணக்கில் இந்தக் கப்பல் மட்டும் அடங்கவில்லை. சாலையை மறிப்பது வேறு, புனித நகரத்துக்குக் குறிவைப்பது வேறு. சலாஹுத்தீன் ரெனால்டைத் தன் கையாலேயே கொல்வேன் என்று சபதம் போட்டதற்கு வணிகக் கூட்டத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மதியம் கடற்கரைக் கடையில் ஸயாதிய்யா. வெங்காயத்தைக் கறுக்க வதக்கிய பழுப்புச் சோறு, மேலே பொரித்த மீன். பட்டியலில் இல்லாத ஒரு சாலட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காசு போட்டிருந்தார்கள். 23 தினார் என்றது பில். மச்சான் தன் அரபியை எல்லாம் இறக்கி 19-க்குக் கொண்டுவந்தார்.

சாப்பிடும்போது அவரிடம் முதலாம் பால்ட்வின் கதையைச் சொன்னேன். ஷோபக் கட்டிய மறுவருஷம், 1116-ல், அந்த அரசர் இந்தக் கடலுக்கு வந்து குளித்து மீன் சாப்பிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து எகிப்துமேல் படையெடுத்தபோது நைல் கரையில் வீரர்கள் ஈட்டியால் குத்திப் பிடித்த மீனை உண்டதும் பழைய காயம் வலிக்க ஆரம்பித்தது. எல் அரீஷில் உயிர் போனது. சாகும் முன் தன் சமையற்காரரைக் கூப்பிட்டு, குடலை எடுத்துவிட்டு உடம்பில் உப்பு நிரப்பி எருசலேமுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னாராம். அப்படியே செய்தார்கள்.

"சாப்பிடும்போது சொல்ற கதையா மாப்ளே இது" என்று மச்சான் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டார். 19 தினார் கொடுத்தாயிற்றே.

நாளை பாலைவன நெடுஞ்சாலையில் அம்மான். லாரிகள் போகும் நேர் சாலை, சிலுவைப்போர்க் கோட்டை ஒன்றும் இல்லை. கத்ரானா பக்கம் பெட்ரோல் போட நிறுத்தும்போது ஜமீத் கிடைக்குமா என்று மச்சான் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.